தலை எரியாத கருப்பு

அந்தப் பைய மேல வைக்காதீக தம்பி, இங்கன காலுக்குள்ள வைங்க. இந்த டிரைவர் வளைவுல வெட்டுனான்னா மனுசனே உருளுவான், பை எம்மாத்திரம். நான் நகந்துக்கிறேன். ம், கனமாத்தான் இருக்கு. உள்ள என்ன? இருங்க, சொல்லாதீக, நானே சொல்றேன். மூணுகாலு ஸ்டாண்டு. குட்டையா ஒரு குழாய். அதத் திருப்புறதுக்கு ஒரு மோட்டாரு. செவப்புத்தாள் ஒட்டுன டார்ச்சு. ஒரு பொட்டி நெறைய வயரு. சரியா? எறங்குற எடம் ஊத்துப்பாறை வெலக்கு. சரியா?

அட கெரகமே. நீங்களும் பொக புடிக்க வந்த ஆளுதானா.

கோவிச்சுக்காதீக. இந்த வருசம் நீங்க நாலாவது ஆளு. எல்லாருக்கும் ஒரே மொகரை, தூக்கம் கெட்ட கோழி மாதிரி. மேகம் இருக்கா மேகம் இருக்கான்னு ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பாப்பீக. இந்தா, இப்பக்கூடப் பாத்தீகள்ல.

இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவரு துளசிராம் சாரு. மதுரைக்காரரு. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுற பட்டறை வச்சிருக்காரு. என்னது, அவரு படத்தப் பாத்துட்டுத்தான் வர்றீகளா? நல்லாருக்கு. அந்தப் படத்தால கெட்டவன் நாந்தான் தம்பி. பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன், நல்லாப் பாத்துக்கங்க. வெலக்கு வர இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. ஊருக்குள்ள இத வாயத் தொறந்து சொல்ல முடியாது, சாமி குத்தமாப் போயிரும். நீங்க வெளியூரு, காலைல மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிருவீக. அதனால சொல்றேன்.

என் பேரு பெத்தணன். பெத்தணன் லைட் செட். இருவத்திரெண்டு வருசமா கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்னு எல்லாத்துக்கும் வெளிச்சம் போட்டவன். ஆனா நம்ம பேரு நிக்கிறதும் படுக்குறதும் மாசிச் சிவராத்திரியிலதான். எங்க பக்கம் சிவராத்திரின்னா குலசாமி கும்புடு. திருப்பூர்ல கெடந்தாலும் துபாய்ல கெடந்தாலும் அன்னைக்கு ராத்திரி கருப்பு கோயில்ல வந்து நிக்கணும். சாமி சாமானெல்லாம் ஒரு பெட்டிக்குள்ள இருக்கும். பொழுது சாயப் பெட்டிவீட்ல இருந்து தலையில தூக்கிக்கிட்டு நடந்தாய்ங்கன்னா பத்தரை மணிக்கு எங்க எல்லைக்கு வரும். அன்னைக்கு எவன் போட்ட வெளிச்சத்த ஊரு வாயப் பொளந்து பாக்குதோ அவன்தான் அந்த வருசத்துக்கு ராசா. கோயில் நோட்டீசுல கடைசி வரியில பேரு போடுவாய்ங்க. ஒளி அமைப்பு, இன்னாருன்னு. அந்த ஒரு வரிக்குத்தான் தம்பி நாயா அலையிறது.

போன மாசிக்கு முன்னால மூணு வருசம் அந்த வரி என்கிட்ட இல்ல. ஆண்டிபட்டிக்காரன் ஒருத்தன், சோலைராசு, தட்டிக்கிட்டுப் போயிட்டான். அவன் பேசுறது மூக்கால. "அண்ணே, நீங்க இன்னும் குண்டு பல்புலதான் இருக்கீகளாண்ணே? நாங்கெல்லாம் எல்இடிக்கு வந்து வருசமாச்சுண்ணே." இப்படித்தான் பேசுவான். கேட்டா மூக்குல ஒரு குத்து விடணும்னு தோணும். போன வருசம் கமிட்டியில கால்ல விழாத கொறையாக் கேட்டு வாங்குனேன். ஒரே ஒரு வருசம் குடுங்கய்யா, நான் யாருன்னு காட்டுறேன், சரியில்லேன்னா பெறகு எம்மூஞ்சியிலயே முழிக்காதீகன்னுட்டேன். புரியுதா? போன மாசிய விட்டா எனக்கு மாசியே கெடையாது.

அந்த நேரம் பாத்துத்தான் இந்த மனுசன் வந்து சேந்தாரு. கார்த்திகை மாசம். மொக்கையன் டீக்கடையில வந்து நிக்கிறாரு. ஒல்லி ஒடம்பு, நகக்கண்ணுல பூராம் செவப்பும் நீலமுமாச் சாயம். குரலு எப்படித் தெரியுமா? தூளியில தூங்குற பிள்ளைக்குப் பக்கத்துல நின்னு பேசுவாகள்ல, அப்படி. "ஏங்க... மொட்டப்பாறை மேல ராத்திரி இருந்தா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்களாங்க? இங்க பேட்டரி எங்கயாச்சும் கிடைக்குங்களா?" மொக்கையன் கைய என் பக்கம் காட்டிட்டான். ஊருக்குள்ள பேட்டரி வச்சிருக்க ஆளு நாந்தான.

எதுக்கு சார் பேட்டரின்னேன்.

"நெபுலா ஒன்னு படம் எடுக்கணுங்க."

அப்படின்னா?

"வானத்துல இருக்குற புகை மாதிரிங்க. ஒரு நட்சத்திரம் வெடிச்சுச் செத்துப்போச்சு, அதோட மிச்சம். முப்பது நாப்பதாயிரம் வருசம் ஆச்சுங்க."

அதுக்குப் பேரு இருக்கான்னேன். பேரு கெடையாதாம், ஒரு எழுத்தும் ஒரு நம்பருமாம், டவுன் பஸ்சுக்குப் போட்ட மாதிரி. கண்ணுக்குத் தெரியுமா சார்? "தெரியாதுங்க." அந்தக் குழாய் வழியாப் பாத்தா? "அப்பவும் தெரியாதுங்க." பெறகு? "படம் எடுத்தாத்தாங்க தெரியும். அதுவும் ஒரு படத்துல தெரியாதுங்க."

டீக்கடையே உருண்டு சிரிச்சுச்சு. நான் அந்த எடத்துலயே அவரு குரல்ல ஆரம்பிச்சுட்டேன். "மொக்கையண்ணே... டீ ஒன்னு குடுங்க... கண்ணுக்குத் தெரியாதுங்க... குடிச்சாலும் தெரியாதுங்க... நூறு டீ குடிச்சாத்தாங்க தெரியும்." அவரும் சேந்து சிரிக்கிறாரு தம்பி. அதான் எனக்குப் புடிக்கல. நாலு வார்த்தை திருப்பி வைஞ்சா ஆளு மேல ஒரு மதிப்பு வரும்.

பேட்டரியத் தூக்கிக் குடுத்துட்டு சும்மா வர முடியுமா? எம் பேட்டரி. அதனால கூடப் போனேன். பேட்டரிக்காகத்தான். கார்த்திகையில மூணு ராத்திரி, மார்கழில நாலு, தைல அஞ்சு. பேட்டரிக்காகத்தான் போனேன்.

அங்க நடக்குற கூத்தச் சொன்னா நீங்க நம்புவீக, நீங்களும் அதே கூத்தாடிதான. மத்தவன் எவனும் நம்ப மாட்டான். கேமராவுக்கு உள்ள ஐஸ் மாதிரிக் குளிரணுமாம், அதுக்கு ஒரு மிசினு. அதே குழாய்க்கு வெளிய பனி எறங்கக் கூடாதாம், அதுக்குச் சூடு பண்ற பட்டை ஒன்னச் சுத்துறாரு. ஒரு பக்கம் ஐசு, ஒரு பக்கம் அடுப்பு. நடுவுல இவரு ஒரு சால்வை கூட இல்லாம வெடவெடன்னு ஆடிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. குழாய்க்கு மப்ளர் கட்டுற மனுசன் தன் காதுக்குக் கட்ட மாட்டாரு.

நான் ஒரு பீடி பத்த வச்சா, "பெத்தணன்... வெளிச்சங்க." போன எடுத்தா, "பெத்தணன்... வெளிச்சங்க." எம்பொழப்பே வெளிச்சம். என்னயப் பாத்து வருசம் பூராம் எவனும் வெளிச்சத்தக் கொறைன்னு சொன்னதில்ல. இவரு சொல்றாரு, அதுவும் கெஞ்சிக்கிட்டே சொல்றாரு.

அஞ்சு நிமிசத்துக்கு ஒரு படம். அதுவரைக்கும் நடக்கக் கூடாது, பாறை அதிருமாம். மொத நாளு ஒரு படம் முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல காட்டுனாரு. கரி. வெறும் கரி, மேல நாலு உப்புக்கல்லு. இதுல எங்க சார் பொகன்னேன். "இதுல இல்லீங்க. இது மாதிரி நூத்துக்கணக்குல எடுத்து ஒன்னு மேல ஒன்னாச் சேக்கணுங்க." ஒன்னுமில்லாதத நூறு தடவ கூட்டுனாலும் ஒன்னுமில்லாததுதான சார்னேன். நான் மூணாவதோட நின்னவன், எனக்கே தெரியுது. அதுக்கு அவரு, "சுங்குடில முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்கிட்டாங்கன்னா, அவுக்குற வரைக்கும் சேலையில என்ன இருக்குன்னு போட்டவங்களுக்கே தெரியாதுங்க"ன்னாரு. சேலைய அவுத்தா பொம்பள கட்டுவா. இத அவுத்தா எவ கட்டுவா?

இன்னும் கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு குழாய்க்கு மூடி போட்டாரு. சரி, முடிஞ்சுச்சு, வீட்டுக்குப் போகலாம்னு எந்திரிச்சா, "இருங்க பெத்தணன், இப்ப மூடி போட்ட மாதிரியே ஒரு இருவது படம் எடுக்கணுங்க." மூடி போட்டுக்கிட்டுப் படம். கேமராவோட அழுக்கு எது, வானம் எதுன்னு பிரிச்செடுக்கவாம். நான் பாறையில மல்லாக்கப் படுத்துட்டேன். நான் வெளிச்சம் போட்டா மூணு மைலுக்கு அங்கிட்டு மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். கண்ணு இருந்தாப் போதும். இதாய்யா வேலை? மூடியப் படம் எடுக்குறதுக்கு மதுரையில இருந்து வரணுமா?

தை மாசம் முடியையில இருவத்தேழு மணி நேரம் சேந்துருச்சுன்னாரு. முப்பது வேணுமாம். இன்னும் மூணே மணி நேரம். மாசியில எடுத்தாத்தான் உண்டு, அடுத்த அமாவாசைக்கு அது இருட்டுறதுக்குள்ள மேக்க மலைக்குப் பின்னால எறங்க ஆரம்பிச்சிருமாம். மாசியில அவரு பாத்து வச்ச ரெண்டு நாளு மேகம் மூடிருச்சு. மிச்சம் ஒரே நாளு. எது? சிவராத்திரி. நேரம்? ஏழரையில இருந்து பத்தரை.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அன்னைக்குத்தான் கோயில் முன்னால நாப்பதடி ஒசரத்துல கருப்ப நிறுத்தி இருக்கேன். குதிரை மேல கருப்பு. காலு நாலும் ஓடும், மீசை துடிக்கும், கண்ணு ரெண்டும் செவப்பா உருளும், கையில வீச்சருவா. எல்லாம் எல்இடி, சோலைராசு வயிறு எரியட்டும்னு நாலு மாசம் ராவும் பகலும் நானே கோத்தது. ஜெனரேட்டர் கரண்டுல மினுக்கும்னு, அசையாம நின்னு எரியணும்னு, குதிரைக்கு ஒரு பேட்டரி, ஒடம்புக்கு ஒன்னு, அருவாவுக்கு ஒன்னு, தலைக்கு ஒன்னுன்னு தனித்தனியாக் குடுத்திருந்தேன். அதுபோக ஷார்பி லைட்டு ஆறு. தெரியும்ல, கம்பு மாதிரி வானத்துல போயிச் சுத்துமே, அது. சுத்துறது நேரா மொட்டப்பாறைக்கு மேலதான்.

டீக்கடையில வச்சுக் கேக்குறாரு. "பெத்தணன்... அந்த ஷார்பியாச்சும் ஒரு மூணு மணி நேரம்..." ஊரே பாக்குது. நான் அவரு குரல்லயே சொன்னேன், "சார்... சூரியனையும் வேணா ரெண்டு நாளைக்கு நிப்பாட்டச் சொல்லவாங்க?" மொக்கையனுக்குப் பொரை ஏறிருச்சு. நாப்பதாயிரம் வருசம் கெடந்த பொக அடுத்த கார்த்திகைக்குள்ள எங்கிட்டுப் போயிரும் சார்னேன். "அது அங்கதாங்க இருக்கும், பெத்தணன். நமக்குத்தாங்க நாளு கணக்கு"ன்னுட்டு டீ கிளாச வச்சாரு. பாதி டீ அப்படியே இருந்துச்சு.

சரி. சிவராத்திரி அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. நான் ஏணி மேல நிக்கிறேன். கீழ வந்து நிக்கிறாரு. அவரு கொண்டாந்த பேட்டரி செத்துப்போச்சாம். வெளிச்சத்துல எப்படியும் ஒன்னும் விழாது, இருந்தாலும் வச்சுப் பாக்குறேன், பழசு ஏதாச்சும் இருந்தாக் குடுங்கன்னாரு. கூறு இருக்கா பாருங்க. கல்யாண வீட்ல வந்து பாடைக்குக் கயிறு கேட்ட மாதிரி. சனியன் ஒழிஞ்சாச் சரின்னு தலைக்குக் குடுத்திருந்த பேட்டரியக் கழட்டி நீட்டிட்டேன். அதான் இருந்ததுல புதுசு. பழசக் குடுத்தா பாதியில நின்னு, திரும்ப வந்து உசிர வாங்குவாருல்ல, அதுக்காகத்தான் புதுசு. தலையையும் அருவாவையும் ஒரே பேட்டரில சேத்து முறுக்கி விட்டேன். தாங்கும்னு ஒரு கணக்கு.

ஏழேகால். சனம் நெரிசல், மண்ணு போட்டா மண்ணு விழாது. சுவிட்சப் போட்டேன். குதிரைக் காலு ஓடுச்சு. ஓன்னு ஒரு சத்தம். குதிரை மூஞ்சி வந்துச்சு, கருப்போட இடுப்பு வந்துச்சு, நெஞ்சு வந்துச்சு, கழுத்து வரைக்கும் ஜெகஜோதி.

கழுத்துக்கு மேல ஒன்னுமில்ல. கையில அருவாளும் இல்ல.

"ஆத்தி, கருப்புக்குத் தலையக் காணாம்"னு ஒரு பொம்பள சத்தம். குலசாமி தம்பி. நாப்பதடி ஒசரத்துல முண்டமா நிக்குது. எனக்குப் பின்னாலயே சோலைராசு, வெள்ளையும் சொள்ளையுமா. மூக்கால சொல்றான், "அண்ணே, தலை அடுத்த வருசம் வருமாண்ணே?"

மெயினையும் பேட்டரி வயரையும் சேத்துப் புடுங்கிட்டேன். கருப்பு, ஷார்பி, ட்யூப்பு எல்லாம் அவுட்டு. இருட்டுல மொணமொணன்னு பேச்சு ஏறுது. குத்தம், குத்தம்னு என் காதுலயே விழுது. மைக்குக்கு மட்டும் தனிப் பேட்டரி, அது கையில இருக்கு. எனக்கு வேண்டியது இருவது நிமிசம். பைக்க எடுத்துக்கிட்டுப் பாறைக்குப் போயி, அந்தப் பேட்டரியப் புடுங்கியாந்து மாட்டிட்டா முடிஞ்சுச்சு.

என்ன செஞ்சேன்னா, தம்பி, இத வெளிய சொல்லிராதீக. எங்க ஊர்ல வெள்ளையன் கோடாங்கின்னு ஒருத்தரு இருந்தாரு. சாமியாடி, குறி சொல்றவரு. செத்து ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. அந்தாளுக்கு லைட் செட்டுன்னாலே ஆகாது. அந்தக் காலத்துல பெட்டி எல்லைக்கு வர்ற வரைக்கும் ஊர்ல ஒரு வெளக்கு எரியாது, பந்தம் மட்டுந்தான்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு. அவரு குரலு தகரத்துல ஆணி இழுத்த மாதிரி இருக்கும். டீக்கடையில நான் அத எத்தனையோ தடவ பேசிக் காட்டிருக்கேன், எல்லாப் பயலும் சிரிப்பாய்ங்க. அந்தக் குரல எடுத்தேன்.

"டேய்... எவன்டா எனக்கு முன்னால வெளக்கப் புடிக்கிறது? எம்பெட்டி எல்லை தொடுற வரைக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் ஆகாது. அணைங்கடா."

மைக்க வச்சுட்டுத் திரும்புறேன், பஜ்ஜிக்கடைக்காரன் அடுப்ப அமத்துறான். வீட்டு லைட்டெல்லாம் ஒவ்வொன்னா அணையுது. பஞ்சாயத்து டேங்க் ஆப்பரேட்டரு ஓடிப்போயித் தெருவிளக்கு பீசப் புடுங்கிட்டான். ஒரு போனு மினுங்கல. அம்புட்டுச் சனமும் இருட்டுல கையெடுத்துக் கும்புட்டு நிக்கிது. இருவது நிமிசத்துக்குச் சொன்னா இப்படியாப் பண்ணுவாய்ங்க? நானே ஹெட்லைட் போட முடியாம பைக்கத் தடவித் தடவி ஓட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு தடவ பள்ளத்துல விட்டேன்.

பாறை மேல ஏறுனா மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல. "பெத்தணனா? வெளிச்சம் போயிருச்சுங்க"ங்கிறாரு. "யாருங்க செஞ்சாங்க?" கரண்டு கட்டு சார்னேன். "எவ்வளவு நேரங்க?" இப்ப வந்துரும் சார், எடுத்த வரைக்கும் போதும், கட்டுங்கன்னு பேட்டரிக்கிட்டக் குனிஞ்சுட்டேன். செவப்புக் கிளிப்பு ஒன்னு, கருப்புக் கிளிப்பு ஒன்னு. ஆயுசுல லட்சம் தடவ புடுங்குன கை.

"அசையாதீங்க பெத்தணன், ஒரு படம் ஓடிக்கிட்டிருக்கு. நாலு நிமிசந்தான்"னாரு.

படம் ஓடையில புடுங்குனா மோட்டார் எரிஞ்சு போனாலும் போகும். மோட்டார் வேலை தெரிஞ்சவன் நான், அதப் பண்ண மாட்டேன். நாலு நிமிசம் நின்னேன். அது முடிஞ்ச ஒடனே அதுவா அடுத்தது ஆரம்பிச்சிருச்சு. அதுக்கும் நின்னேன். கம்ப்யூட்டர்ல பழைய இருவத்தேழு மணி நேரத்தையும் சேத்து வச்சிருந்தாரு. அத எனக்குக் காட்டுனாரு. கரிக்குள்ள செவப்பா ஒரு இழை. அப்பறம் பாத்தா இன்னொன்னு. சேலை முந்தியில நூலு பிரிஞ்சு கெடக்குமே, அந்த மாதிரி. அம்புட்டுத்தான். பெருசா ஒன்னுமில்ல. வெறும் பொக.

முப்பத்தஞ்சு படம் தம்பி. எண்ணிக்கிட்டு நிக்கல, அதுவா மனசுல ஓடுச்சு. ஒவ்வொன்னு முடியையிலயும் கிளிப்புல கை வச்சேன், சாமி சத்தியமா வச்சேன். அது அடுத்ததுக்குப் போயிருது, நான் என்ன செய்ய?

பத்தரைக்குத் தெக்க எல்லையில பெட்டி வந்துச்சு. மேல இருந்து பாத்தேன். எரநூறு பந்தமாச்சும் இருக்கும். வேற வெளிச்சமே கெடையாது. கரியில நெருப்பு ஊந்து வர்ற மாதிரி வளஞ்சு வளஞ்சு வருது. உறுமிச் சத்தம் இம்புட்டுத் தூரத்துக்கு எட்டுது, பொம்பளைக குலவை போடுறது கேக்குது. சாரும் குழாய விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு, எண்ணெய்ப் பந்தம், பழைய காலத்துச் சாமான்.

அப்பத்தான் பேட்டரியக் கழட்டி எடுத்துக்கிட்டுப் பறந்தேன். பதினோரு மணிக்கு மாட்டி, சுவிட்சப் போட்டேன். முழுசா வந்துச்சு தம்பி. தலை, மீசை, உருளுற கண்ணு, அருவா. ஒத்தப் பல்பு தப்பல. என் வாழ்க்கையில அப்படி ஒன்ன நான் போட்டதில்ல.

ஒருத்தன் திரும்பல. அம்புட்டுப் பேரும் பெட்டியையும் பந்தத்தையும் பாத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க. ஒரு பெருசு மட்டும் கண்ணுக்கு மேல கைய வச்சுக்கிட்டு, "யப்பா, அத அணைச்சுத் தொலை, கண்ணு கூசுது"ன்னுச்சு.

அணைச்சேன். வேற என்ன செய்ய.

பெறகு இப்ப இருக்குற கோடாங்கி சாமியாடிக்கிட்டே சொல்றான், ஏழேகாலுக்குப் பாதி வழியில பெட்டி திடீர்னு கனமில்லாமப் போச்சாம், சாமி முன்னாடியே ஊருக்கு எறங்கிப் போறது தனக்குத் தெரிஞ்சுச்சாம். எப்படி இருக்கு கதை? அவன் வாயில இருந்து வந்துருச்சா, முடிஞ்சுச்சு, இனி அதான் முறை. இந்த மாசிக்கு நோட்டீசு போன வாரம் வந்துருச்சு. பெட்டி வர்ற வரைக்கும் ஊர்ல வெளக்கு எரியாது, வெளிச்ச அமைப்பு எதுவும் கெடையாதுன்னு கொட்டை எழுத்துல. கடைசி வரியே இல்ல. எனக்கும் இல்ல, சோலைராசுக்கும் இல்ல. அவனுக்கும் இல்லேங்கிறது ஒரு ஆறுதல். கருப்பு, குதிரை, அருவா எல்லாத்தையும் துண்டு துண்டாக் கழட்டிப் பரண்ல போட்டிருக்கேன். தலையை மட்டும் தனியாத் துணி சுத்தி வச்சிருக்கேன்.

எம்மேல சந்தேகமா? ஒரு பயலுக்கு வரல. நம்ம குரலு அப்படி. இந்த மொக்கையன் மட்டும் அன்னையில இருந்து எனக்குச் சர்க்கரை போடாம டீ தர்றான். வெள்ளையன் கோடாங்கிக்குச் சுகர் இருந்துச்சு, அவருக்குத்தான் அப்படிக் குடுப்பான். ஏன்டா எனக்குத் தர்றேன்னா, "பழக்கதோசம்ணே"ங்கிறான், கடையில இருக்குற பயலுகெல்லாம் கிளாசுக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிறாய்ங்க. வயசாயிருச்சு அவனுக்கு. மறதி.

துளசிராம் சாரு சித்திரையில வந்தாரு. பெருசா பிரேம் போட்ட படம் ஒன்னு கொண்டாந்தாரு. அதான் நீங்க பாத்த படம். எங்க வீட்டுக்காரி பாத்துட்டு, "என்னங்க இது, எரிஞ்சுபோன வயரா?"ன்னா. சரியாச் சொன்னா. என் ஷெட்டுல எரிஞ்ச மோட்டார அறுத்தா உள்ள இப்படித்தான் செவப்புச் செவப்பா நூலு கெடக்கும். கீழ சின்ன எழுத்துல என்னமோ போட்டிருந்துச்சு. எத்தனை மணி நேரம், என்ன குழாய், என்ன கேமரா. ஒளி, இத்தனை ஆயிரம் வருசத்துக்கு முந்தினதுன்னு ஒன்னு. அதுக்கும் கீழ கடைசி வரி. எழுத்துக் கூட்டி வாசிச்சேன்.

இருட்டு: பெத்தணன், ஊத்துப்பாறை.

எப்படி இருக்கும் எனக்கு? இருவத்திரெண்டு வருசம் வெளிச்சம் போட்டவன் பேருக்கு முன்னால இருட்டு. என்ன சார் இப்படிப் போட்டுட்டீகன்னேன். "கரண்டு கட்டுன்னு சொன்னீங்கள்ல பெத்தணன். மதுரைக்குப் போயி விசாரிச்சேங்க. அன்னைக்கு கரண்டு கட்டே இல்லியாமே"ன்னாரு, அதே தூளிக் குரல்ல. கரண்டாபீசுல வெவரம் கெட்ட பயலுக இருப்பாய்ங்க சார், அவய்ங்களுக்கு என்ன தெரியும்னேன். சிரிச்சாரு. சிரிக்கிறதத் தவிர அவருக்கு ஒன்னும் தெரியாது.

படம் என் கடையில மாட்டிருக்கு. சொவத்துல ஆணி சும்மா இருந்துச்சு. முன்ன சிவராத்திரி நோட்டீசு மாட்டுற ஆணி.

இந்தா, வெலக்கு வந்துருச்சு. பாத்து எறக்குங்க, நான் ஒரு கை புடிக்கிறேன். நானும் இங்கதான் எறங்குறேன். போன எடுக்காதீக, வெளிச்சம். மொட்டப்பாறைக்குப் போற வழியில தண்ணித் தொட்டிக்கிட்டப் புதுசா ஒரு தெருவிளக்கு போட்டிருக்காய்ங்க, அது நேரா உங்க குழாய்க்குள்ளதான் விழுகும். ஏழு மணிக்கு நானே வந்து பீசப் புடுங்கி விடுறேன். சும்மா போறதுதான். பேட்டரி வச்சிருக்கீகளா? எதுக்கும் ஒன்னு தூக்கியாறேன்.

அதுக்குள்ள ஏதும் வேணும்னா ஊருக்குள்ள வந்து கேளுங்க. லைட் செட் பெத்தணன் வீடு எதுன்னு கேக்காதீக, ஒரு பயலுக்கும் தெரியாது. இருட்டுக்காரரு வீடு எதுன்னு கேளுங்க. சின்னப்பிள்ளை கூடக் கையக் காட்டும்.